எண்ணிக்கை

பெல்லன்வில சதுப்புக்குப் போவது
ஞாயிறு, வெளிச்சம் வருமுன்.
வெள்ளவத்தையிலிருந்து நியாஸின் ஓட்டோவில் நான்,
மடியில் பிளாஸ்க்.
அவனது மூன்று மாத உழைப்பு
இரண்டு கண்ணாடிக் குழலாய் அவன் கழுத்தில் தொங்கும்.
மீற்றர் போடமாட்டான்.
"குருவிக்குப் போற சவாரிக்குக் காசு வாங்கினா ஹராம்."
சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டான்.

கண்டதைக் கொப்பியில் எழுதுவது என் வேலை.
கிழமையெல்லாம் பிறநாட்டுக் காசை எண்ணுகிற விரல்,
பிழைவிடாது என்று நம்புகிறார்கள்.
தாழைக்கோழி பதினேழு.
இலைக்கோழி நாலு, ஒன்று குஞ்சுகளோடு.
கூழைக்கடா, எண்ணுமுன் பறந்துவிட்டது.

எழுத முடியாதவை
விஜிதாவின் தேத்தண்ணிக் கடைக்கு வரும்.
ஒரு வாங்கு, அதில் ஐந்து பேர்,
இஞ்சி போட்ட பிளேன்டீ.

கப்பலில் இருந்த மரியநாயகம்
அரபிக்கடல் நடுவே தன் தோளில் வந்திறங்கிய
பனங்காடையைச் சொல்வார்.
போன வருசம் அது மூன்று நாள் தங்கியது.
இந்த வருசம் ஐந்து நாள்.
பிஸ்கட் தின்னவும் பழகிவிட்டது.
ஒருவரும் மறுத்ததில்லை.

தர்மகுலன் தொண்ணூற்றியேழில்
பைனாகுலரோடு பிடிபட்டவர்.
"என்னத்தைப் பார்த்தாய்?"
நீர்க்காகம் என்றாராம், சிங்களத்தில்.
சார்ஜன்ட் உச்சரிப்பைத் திருத்தினாராம்.
பிறகு தானும் வாங்கி
ஜன்னலால் நெடுநேரம் பார்த்தாராம்.
இங்கே நாங்கள் சிரிப்போம்.
இரண்டு இரவுகள் வைத்திருந்ததை
அவர் சொல்வது, சிரிப்பு அடங்கிய பிறகு,
சீனியைக் கலக்கிக்கொண்டு.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு
காவலாளி உடுப்போடு ஒருவர் வந்தார்,
கையில் பிஸ்கட் பெட்டி, மூடியில் ஆணித்துளைகள்.
மருதவீரன். ஊர் பொகவந்தலாவை,
வேலை கொள்ளுப்பிட்டியில், முப்பத்தெட்டு மாடிக்குக் கீழே.
"ராத்திரி மூணு மணிக்கு கண்ணாடில மோதி விழுந்திச்சிங்க.
இங்க குருவி பாக்குறவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க.
பேரு தெரியல. நெறத்த எண்ணினேன், ஏழு."

நியாஸ் மூடியை ஒரு விரல் அகலம் திறந்தான்.
உள்ளே பச்சை. ஒரு கீற்று நீலம். அடிவயிற்றில் சிவப்பு.
கறுப்புப் பட்டைக்குள் ஒரு கண்
எங்களைப் பார்த்தது.

"ஆறுமணிக்குருவி," என்றேன்.
கடலை இருட்டில் கடந்து வந்திருக்கும்.
கடலில் கண்ணாடி இல்லை.
பதினொரு வருசமாய் இதைக் கேட்டிருக்கிறேன்,
புதருக்குள், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்.
கண்டது வால் மட்டும்.
நிறங்களை எண்ண எனக்குத் தோன்றியதேயில்லை.

வேலிப்பருத்திக்குக் கீழே பெட்டியைச் சரித்தோம்.
அது நின்றது. நின்றுகொண்டேயிருந்தது.
பிறகு இரண்டு தத்து,
சருகுக்குள் சருகாய்ப் போயிற்று.

உடனே தொடங்கியது சண்டை.
பெட்டியில் வந்தது கணக்கில் சேராது என்றார் தர்மகுலன்.
விட்டபிறகு அதுவும் சதுப்புப் பறவைதானே என்றான் நியாஸ்.
இடம் கொள்ளுப்பிட்டியா, பெல்லன்விலவா?
மரியநாயகம் சட்டம் பேசினார், பனங்காடையை மறந்து.
விஜிதா ஐந்து கோப்பையையும் எடுத்துப்போனாள்,
ஆறாவதாய் ஒன்றை அவருக்கு வைத்துவிட்டு.

நான் எழுதினேன்:
ஆறுமணிக்குருவி, ஒன்று.
கண்டவர்: மருதவீரன்.
பேனையை மூடினேன்.

அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு
கொப்பியையே பார்த்திருந்தார்.
"இன்னும் ரெண்டு விழுந்திச்சிங்க.
அது அசையல.
வாசல் பூந்தொட்டில பொதச்சிட்டேன்.
அதெல்லாம் எழுதுவீங்களா?"

வாங்கில் யாரும் அசையவில்லை.
புதருக்குள்ளும் சத்தமில்லை.

பேனையைத் திறந்தேன்.