ஆவி பிடித்தல்

புதுவயல் மில்லில் பாய்லர் என் பொறுப்பு.
உமியைத் தின்னும். புகையை வானத்துக்கும்
ஆவியை நெல்லுக்கும் அனுப்பும்.
புகை வேறு, ஆவி வேறு என்று
பதினேழு வருசம் சம்பளம் வாங்கித் தெரிந்தவன் நான்.
அதனால்தான் சிக்கந்தர் சொன்னதும் நம்பினேன்.

ஈப்போவில் புரோட்டா அடிப்பவன்,
லீவுக்கு வந்தபோது மைலோ டப்பாவுக்குள்
காலுறையில் சுருட்டிக் கொண்டுவந்தான்,
கூடவே ஏழு குட்டி பாட்டில்.
"நெருப்பே இல்ல மாப்ள, வெறும் ஆவி.
வெளிய எடுத்துறாத, இங்க தடை."
விரல் நீளம். நீல நிறம். லிச்சிப் பழ வாசம்.
லிச்சியை நான் தின்றதே இல்லை.

நாளைக்குப் பதினெட்டு சிகரெட்.
ஆடியில் விட்டேன்.

முதல் பத்து நாள் இருமல் கூடிற்று,
உள்ளே யாரோ வீடு காலி செய்வதுபோல.
பிறகு ஒரு காலை
இருமாமல் பல் தேய்த்தேன்.
கொல்லையிலிருந்து பூமயில் கத்தினாள்,
"எந்திரிச்சாச்சா இல்லையா?"
என் இருமல் கேட்டுத்தான்
அவள் உலை வைப்பாள் என்பது
அன்றைக்குத் தெரிந்தது.

மூக்கும் திரும்பி வந்தது.
தொட்டியில் மூன்றாம் நாள் ஊறல் நெல்
இப்படியா நாறும்?
இத்தனை வருசம் என் சட்டையை
எப்படித் துவைத்தாள்?

குன்றக்குடி மலையில்
முன்பெல்லாம் முப்பதாவது படியில் நிற்பேன்,
வேட்டியை அவிழ்த்துக் கட்டுவதுபோல.
கார்த்திகையில் எழுபது வரை ஒரே மூச்சு.
பூமயில் ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கியதும் பொரி வாங்கித் தந்தாள்.

இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதை.

சிகரெட்டுக்கு ஓர் அடிக்கட்டை உண்டு.
விரல் சுடும், போட்டு மிதிப்போம், வேலைக்குத் திரும்புவோம்.
இதற்கு அடியே இல்லை.
வால்வு திறக்கும் முன் ஒன்று, திறந்த பின் ஒன்று,
கக்கூசில், கொசுவலைக்குள்,
பால் பொங்கி வருவதற்குள் இரண்டு.
இரவில் போனுக்குப் பக்கத்தில்
அதுவும் சார்ஜ் ஏறியபடி படுத்திருக்கும்.
பதினெட்டு என்பது ஒரு கணக்காவது.

மாசியில் ஒரு ராத்திரி
சன்னமாகச் சீட்டிச் சத்தம்.
பிரஷர் ஏறினால் சேஃப்டி வால்வு கசியுமே, அப்படி.
எழுந்து மில்லுக்கு போன் போட்டேன்.
"பாய்லர் கத்துதா?"
"அணைச்சு நாலு மணி நேரமாச்சுண்ணே."
போனை வைத்தேன்.
சீட்டி என் நெஞ்சுக்குள்.

காரைக்குடி டாக்டர் ஒரு குழாயை ஊதச் சொன்னார்.
போன வருசம் முள் இருநூற்றெழுபதில் நின்றது.
ஐப்பசியில் முன்னூற்று முப்பது.
இப்போதும் முன்னூற்று முப்பது,
அதுவும் மூன்றாவது ஊதலில்.
"முன்ன புகை. இப்ப என்ன?"
"ஆவி சார்."
அவர் சிரிக்கவில்லை.
"சிகரெட்ட விட்டது நல்லதுதான்.
எந்திரிச்சுப் போனவன் நாற்காலில
இன்னொருத்தன உக்கார வச்சிருக்கீங்க."

நூறு பவுண்டு ஆவி
எங்கள் ரத்தினசபாபதியின் முழங்கைத் தோலை
உறைபோலக் கழற்றியதைப் பார்த்தவன் நான்.
பார்த்தும் சொன்னேன்,
வெறும் ஆவி சார் என்று.

சிக்கந்தர் இனி ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான்.
கடைசி பாட்டில் தீர்ந்து நாலு நாள்.
உறிஞ்சினால் கருகிய பஞ்சு வாசம்,
ஓரத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டி அணைகிறது.
பெட்டிக்கடை வழியை விட்டு
ரயிலடியைச் சுற்றி வீட்டுக்கு வருகிறேன்.
பல்லிடுக்கில் ஒரு நெல்மணி,
கடித்துத் துப்ப.

நேற்றுக் கோடை மழையில் நனைந்து சளி.
பூமயில் நொச்சி போட்டுக் கொதிக்கவைத்த சட்டியை
முன்னால் இறக்கிப் போர்வையால் மூடினாள்.
இருட்டு. முகமெல்லாம் தண்ணீர்.
இழுத்தேன். அடிவரை இறங்கியதா தெரியவில்லை.
வெளியிலிருந்து அவள் கை
தலையை அழுத்திப் பிடித்திருந்தது,
"இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்."
உள்ளே என் கை
அதன் பாட்டுக்குச்
சட்டைப் பையைத் தடவியது.