பன்னிரண்டு வரி

கோர்ட்டுக்கு எதிரே என் டைப்பிங் கடை.
மனு பக்கத்துக்கு நாற்பது ரூபாய்,
அழுதால் தண்ணீர் இலவசம்.
சிம்ஹா அழவில்லை.
கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிறவள்,
வாசலில் நின்றபடியே
என் எழுத்துப்பிழைகளைப் படித்துவிட்டாள்.

போன மாசியிலேயே தீர்ப்பாகிவிட்டது,
நான் அடித்த மனுதான்.
அரசாங்கத்துக்கு அவள் தனியாள்.
அவளுடைய ஆண்டவருக்கு இன்னும்
தாணேயில் இருக்கும் நஹூமின் மனைவி.

அவன் ஒரு காகிதம் கொடுக்கவேண்டும்.
பன்னிரண்டு வரி, கையால் எழுதியது.
மனசாரக் கொடுக்கவேண்டும், அதுதான் சட்டம்.
அந்த 'மனசார'வில்தான்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான் நஹூம்.

நல்ல பக்திமான், அவளே சொல்கிறாள்.
வெள்ளி பொழுது சாய்ந்தால் செல்போனைத் தொடமாட்டான்.
சனி இரவு
வானத்தில் மூன்று நட்சத்திரம் எண்ணிவிட்டுத்தான்
மிரட்டுவான்.
'மகளிர் ஸ்டேஷன் புகாரை வாபஸ் வாங்கு.
எழுதுகிறவரையும் ரெண்டு சாட்சியையும் கூட்டிக்கொண்டு
மதுரைக்கே வருகிறேன்.'

புகார் அவளது வலது மணிக்கட்டைப் பற்றியது.
உள்ளே ஒரு தகடு, ஆறு திருகாணி.

என்னடி சட்டம் இது என்றேன்.
'சட்டத்தத் திட்டாதீங்க சேச்சி.
வாய்ச்சொல்லுல பொண்டாட்டிய விரட்டிடக் கூடாதுன்னு
எழுதச் சொன்னது அது.
எனக்காகத்தான் பூட்டு போட்டாங்க.
சாவி அவன்கிட்ட மாட்டிக்கிச்சு.'

நான் பேசவில்லை.
செல்லம்பட்டிப் பக்கம் எங்கள் சனத்தில்
ஒரு துரும்பைக் கிள்ளிக் கொடுத்தால் தீர்ந்தது என்பார்கள்.
அந்தத் துரும்புக்காக என் சித்தி ஒச்சம்மாள்
நாலு பஞ்சாயத்தில் நின்றாள்.
நாலு தடவையும் சித்தப்பாவுக்கு
வைக்கோல் படப்பில்
துரும்பு அகப்படவில்லை.

எழுதுகிறவர் கேட்டனுப்பியிருக்கிறாராம்:
ஊரை அதன் ஆற்றோடு சேர்த்து எழுதவேண்டும்.
ஓர் எழுத்துப் பிசகினாலும் செல்லாது.
உங்கள் ஆற்றின் பெயரை எப்படிச் சொல்வீர்கள்?
தண்ணீர் ஓடுகிறதா?

சிரித்துவிட்டேன்.
காலையில்தான் பாலத்தைத் தாண்டி வந்தேன்.
ஆற்றுக்குள் எருமை, ஆகாயத்தாமரை,
ஸ்டம்பு நட்டு விளையாடும் பையன்கள்.
'ஆறுன்னே எழுதச் சொல்லு.
சித்திரையில தொறந்து விடுவாங்க,
சாமி எறங்க.'

வாபஸ் மனு அடித்து முடித்திருந்தேன்.
கையெழுத்துக்குப் பென்சிலில்
ஒரு பெருக்கல் குறி.
அவள் போனை உதட்டருகே பிடித்து
அந்த எழுத்தருக்காக நிதானமாகச் சொன்னாள்:
வை.
கை.
தனக்கே ஏதோ கேட்டதுபோல நிறுத்தி
இன்னொரு தடவை:
வை.
கை.

பேனாவை எடுத்து நீட்டினேன்.
மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு
வெளியே பார்த்தாள்.
'வெள்ளிக்கிழமை, சேச்சி.
பொழுது சாஞ்சா நாங்க எழுதக் கூடாது.'

மணி மூன்றரை.
தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது.
நான் எழுந்து
கடையின் முன்விளக்கைப் போட்டேன்.