எந்த இடுப்பு

"இடுப்பு வலி" என்றேன்
லாபிஸ் அரசாங்க கிளினிக்கில்,
முப்பத்தேழாம் எண் கையில் கசங்க.
"பிங்காங்கா, பிங்குலா?" என்றாள் நூருல் ஹிதாயா.
அவள் மொழியில் இரண்டு சொல்.
நமக்கு வேட்டி நிற்பதும் இடுப்பு,
பிள்ளை உட்காருவதும் இடுப்பு,
ஒடிந்தாலும் இடுப்புதான்.

விரலால் காட்டினேன்.
முதுகின் அடியில் புறப்பட்ட விரல்
வலப் பிட்டத்தின் நடுவில் சற்று நின்று
தொடையின் பின்பக்கமாய் இறங்கி
கெண்டைக்காலுக்கு வந்தபோது
எனக்கே தெரிந்தது:
இது இடம் இல்லை, ரூட்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
"உங்கள் வயதுக்கு நல்ல எலும்பு."
சந்தோஷப்பட்டிருக்கலாம்.
காய்ச்சலென்று லீவு போட்டவனின் நெற்றி
சில்லென்று இருப்பதுபோல்
கூசிப்போனேன்.

"லாரியில் உட்காருவதுபோல் உட்காருங்கள்."
உட்கார்ந்தேன்.
பின்னால் போய் நின்று பார்த்தாள்.
"ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறீர்கள்.
பாக்கெட்டில் என்ன?"

மேசைமேல் வைத்ததும்
பர்ஸ் தானாக வாயைத் திறந்தது.
அடகுக்கடைச் சீட்டு மூன்று,
ஒன்று மீட்டதற்கு, இரண்டு மூழ்கியதற்கு.
டீசல் ரசீதுகள். அடிக்காத நாலு நம்பர்.
ஐந்தாம் வகுப்பு உடுப்பில் பெரியவள்,
இப்போது விடியுமுன் பாலம் தாண்டி
சிங்கப்பூரில் சிப் சோதிக்கிறாள்.
'தணிகாசலம் தரவேண்டியது 800 வெள்ளி'
என்று எழுதிய சிகரெட் அட்டை,
தணிகாசலம் போய் நாலு வருஷம்.
பணமென்று பதினேழு வெள்ளி.
எல்லாம் சேர்ந்து இரண்டு விரல் தடிமன்.
பத்தொன்பது வருஷம்
இதன்மேல் உட்கார்ந்துதான்
ஆலைக்கு ஓட்டியிருக்கிறேன்.

"பிட்டத்துக்குள் ஆழத்தில்
பேரிக்காய் மாதிரி ஒரு தசை.
கால் நரம்பு அதை ஒட்டித்தான் போகிறது.
பர்ஸ் மட்டும் குற்றவாளி இல்லை, பாக்சிக்,
இறங்காமல் எட்டு மணிநேரம் இருப்பதும்."
கால் மரத்துப்போனாலோ
சிறுநீர் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ
அன்றைக்கே வா என்றாள்.
ஒரு வாரத்தில் போகாது என்றும் சொன்னாள்.
வருஷமெல்லாம் செம்பனைக் குலை சுமக்கும் லாரி,
ஓட்டுகிறவனுக்குள் கணக்கில் வராத ஒரு பழம்.

வீட்டில் சிமெண்டுத் தரையில் மல்லாந்து
பிளாஸ்டிக் நாற்காலிமேல் கெண்டைக்கால் இரண்டையும் போட்டேன்.
"பொணம் தலைகீழா உட்கார்ந்த மாதிரி இருக்கு"
என்றாள் வேதநாயகி, என்னைத் தாண்டிக் குழம்பு எடுத்துப்போனாள்.
மூன்றாம் நிமிஷம் முதுகு
தரையை நம்ப ஆரம்பித்தது.
பிறகு வலக்காலை இடமுழங்காலில் மடித்து
நெஞ்சுப்பக்கம் இழுத்தேன்.
கத்தினேன். கத்தாமல் இழு என்றாள்.
படுத்தே கிடக்காதே, கடைவரிசை வரை நட
என்றிருந்தாள் கிளினிக்காரி. நடந்தேன்.
பர்ஸ் இப்போது டேஷ்போர்டில்,
பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில். அவர் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று ஏழாம் பிளாக்கில்
குலை ஏற்றும் இடத்திலெல்லாம் இறங்கி
லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.
கொக்கியோடு நின்ற வாஹித் சிரித்தான்.
லொம்போக்கிலிருந்து வந்து ஆறு வருஷம்,
ஒரு நாளைக்கு முந்நூறு குலை.
அவனுக்கு வலிக்காது என்றே நினைத்திருந்தேன்.
கேட்டதில்லை.

கேட்டேன்.
திரும்பி நின்று சட்டையைத் தூக்கினான்.
ஒழுகும் கூரைக்குத் தகரம் அடித்தாற்போல்
ஐந்து வலிப்பட்டை.
பிங்காங் என்றும் சொல்லவில்லை, பிங்குல் என்றும் சொல்லவில்லை.
"சினி" என்றான், விரல் வைத்து. இங்கே.
"சினி. சினி."
கிளினிக்குக்குப் போகலாமே என்றேன்.
வெளிநாட்டானுக்குக் கட்டணம் வேறு,
பாஸ்போர்ட் ஏஜெண்டிடம்.

காலி உரச் சாக்கு இரண்டை விரித்தோம்.
மல்லாந்து படுத்து
கால்களை லாரியின் பின்படியில் போட்டோம்.
மேலே மட்டைகளுக்கு நடுவே கிழிசல் வானம்.
மண்டோரின் மோட்டார் சத்தம்
ஆறாம் பிளாக் தாண்டி வந்துகொண்டிருந்தது.
வாஹித் என்னைப் பார்த்தான்.
இரண்டு விரலைக் காட்டினேன்:
இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி.