மூன்றுக்கு நான்கு

அஜ்மானில் மணலுக்கா பஞ்சம் என்று
சிரிக்கிறார் சலவைக்கடை சாகுல்.
தெருமணலில் என்னென்ன புழுவோ.
களிமண் தூள் கொட்டினால்
சுக்குக்கு விடாத தும்மல்.
லாவண்டர் மணத்துக்கு
மூன்றும் என் செருப்பைத் தேர்ந்தெடுத்தன.
கட்டியாகும் வகை வேண்டாம்,
குட்டிக்கு எதையும் நக்கிப் பார்க்கிற வயது.

கடைசியில் மரத்தூள் உருண்டை,
பத்துக் கிலோ, இருபத்தெட்டு திர்ஹம்.
லிஃப்ட் பழுது. நாலு மாடி, தோளில்.
ஈரம் பட்டு உதிர்ந்ததும்
அறையெங்கும் மரப்பட்டறை வாசம்.

பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்றார் மருத்துவர்.
ஆக, நான்கு பெட்டி.

காலை ஐந்து மணி.
ஒற்றைக் கழிவறைக்கு
ஒன்பதாவது ஆளாகத் துண்டோடு நிற்கிறேன்.
விசா முடிந்தவன் விட்டுப்போன கிழட்டுப் பூனை
நான்கில் எது என்று
நிதானமாக யோசித்துக்கொண்டிருக்கிறது.