வேறொரு மீனின் வால்

ஹாகில் மலையில் கல் பிளக்கும் தூமித்
உளியை ஓங்குவதில்லை.
பலகையைக் காதருகே பிடித்துத் தட்டுவான்.
உள்ளே மீன் இருந்தால்
சத்தம் சற்றே கம்முமாம்.
நான் நம்பியதில்லை.

கல் இரண்டாகத் திறக்கும்போது
மீனும் இரண்டாகிவிடும்.
ஒன்றில் எலும்பு,
மற்றதில் எலும்பு கிடந்த பள்ளம்.
இதில் வலம் பார்க்கும், அதில் இடம்.
எது அசல் என்று கேட்பார்கள்.
முதலில் விலைபோவது, என்பேன்.

என் வேலை அதற்குப் பிறகு.
ஜுபைலில், துறைமுகத்துக்கு இறங்கும் சந்தில்,
ஐஸ்கிரீம் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
எட்டடி இடம்.
வால்நட் சட்டம், மணல்நிறத் துணி,
நான்கு பித்தளைப் பற்றுகள்.
கண்ணாடி உங்கள் இஷ்டம்.
ஒன்பதரைக் கோடி ஆண்டு மண்ணைத் தாங்கியதற்குத்
தூசியா பெரிய விஷயம்?

ரிந்தலாவும் வஜ்தியும் வந்தபோது
அவர்கள் வீட்டுச் சுவருக்கு இன்னும் பூச்சு ஆகவில்லை.
சோபாத் துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்,
கல்லின் மேல் வைத்து வைத்துப் பார்க்க.
இரண்டு பாதியும் வேண்டும் என்றான் அவன்,
சோபாவுக்கு மேலே, முகத்துக்கு முகம்.
சாண் நீள மீன்.
வாயில் பாதி விழுங்கிய இன்னொரு மீன்.
"சாப்பிடும்போது செத்திருக்கிறது" என்று சிரித்தான்.
"சாப்பிட்டதால்" என்றாள்.

அளவெடுக்கையில்
இடம் பார்க்கும் பாதி என் கையிலிருந்து நழுவியது.
வால் மட்டும் பொடி.
அன்றிரவு தூமித் ஒதுக்கிய சில்லுகளைக் கிளறி
அதே மஞ்சள், அதே பருமன்,
தலையில்லாத ஒன்றின் வாலை அறுத்தெடுத்தேன்.
பிசினில் கல்மாவு குழைத்துப் பொருத்தி
முள்ளோடு முள் சேரும்வரை
ஊசியால் கீறிக்கொண்டிருந்ததில்
விடிந்துவிட்டது.
முழு விலையும் வாங்கினேன்.

பதினோரு வருஷம் கழித்து நேற்று
ரிந்தலா தனியாக வந்தாள்,
போர்வையில் சுற்றிய ஒற்றைச் சட்டத்தோடு.
வஜ்தி இப்போது மாண்ட்ரியலில்.
சாமான் பிரித்தபோது
பிரிட்ஜ் இவளுக்கு, கார் அவனுக்கு,
மீன் ஆளுக்குப் பாதி.
எது யாருக்கென்று காசு சுண்டினார்களாம்.

"கண்ணாடி போடணும்" என்றாள்.
அளந்தேன். வெட்டினேன்.
அப்புறம் போனை நீட்டினாள்.
எட்டு மாதம் பேசாதவன்
ஒரு படம் அனுப்பியிருக்கிறான்:
ஜன்னலில் பனி, பக்கத்துச் சுவரில் அவன் பாதி.
கீழே ஒரே வரி.
உன்னுடையதன் வாலைப் பார்.

"அவனுடையதில் வால் கீழே வளைகிறது.
என்னுடையதில் விறைத்து நிற்கிறது.
ஒரே மீன்தானே?"

பொய்க்கு நேரம் இருந்தது.
மலையின் பாரம், நிலநடுக்கம்,
கல்லும் நகரும் என்றெல்லாம்
பதினோரு வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன்.
பல் மருத்துவரின் இயந்திரம் சுவருக்கு அப்பால் ஓடி நின்றது.
சொல்லிவிட்டேன்.

கோபமே படவில்லை என்று எழுத ஆசைதான்.
பாதி விலையைத் திருப்பிக் கேட்டாள்.
அன்று லிராவில் கொடுத்தீர்கள்,
அந்தத் தொகைக்கு இன்று
பக்கத்துக் கடையில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம்கூட வராது என்றேன்.
"டாலரில்" என்றாள்.
எண்ணி வைத்தேன்.

பிறகுதான் குனிந்தாள்.
"எங்கே ஒட்டு?"
கண்ணுக்கு அகப்படவில்லை.
நகத்தால் தடவித் தடவி
ஓரிடத்தில் நிறுத்தினாள்.
"யாருடைய வால் இது?"
"தெரியாது. தலை கிடைக்கவில்லை."

நகம் அங்கேயே இருந்தது.
மற்றக் கையால் போனில் ஏதோ எழுதினாள்,
அழித்தாள், மறுபடி எழுதினாள்.
அங்கே அப்போது விடிகாலை மூன்று.
அனுப்பினாளா என்று நான் பார்க்கவில்லை.

"கண்ணாடி வேண்டாம்" என்றாள்.
சட்டத்தைப் போர்வையில் சுற்றினாள்.
பணத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அளவுக்கு வெட்டிய கண்ணாடி
மேசையில்தான் கிடக்கிறது.
வேறொரு மீனுக்கு ஆகும்.