ஏழு துண்டுத் தகடு

சாயப்பட்டறைக் கூரைக்கு
எந்தப் பெயிண்ட் என்று முடிவுகட்ட
முதலாளி எனக்குத் தந்தது
ஆறு மாதமும் ஒரு தார்ப்பாயும்.

போன கூரை இரும்பு. நாலே வருஷம்.
புளித்த ஆவி ஏறி ஏறி
ஒருநாள் துருவாய் இறங்கியது.
முந்நூறு கிலோ வெள்ளைப் பனியன் துணி
அம்மை போட்ட உடம்பாய்க் கிடந்தது.

"அலுமினியம் துருவே புடிக்காதுங்கம்மணி,
அதுக்கெதுக்குப் பெயிண்ட்டு?"
கணக்கர் குழந்தைவேல் கேட்டார்.
பதில் சொல்லவில்லை.
காஸ்டிக் தொட்டிக்கு நேர்மேலே
வெறுந்தகடு ஒன்றைக்
கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.

மற்ற ஆறுக்கும் சென்னியப்பன் அடித்தார்.
அடிக்கும் முன்
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்,
கண்ணாடி மாதிரி இருந்ததையெல்லாம்
சாம்பலாக்கும் வரை.
"மினுங்குதுன்னு அப்படியே அடிச்சா
பாம்புச் சட்டையாட்டம் உரிஞ்சுக்குமுங்.
காத்துப் பட்டதும் இதுவே ஒரு தோலு போட்டுக்குது.
அது வேற யாரையும் ஒட்ட உடாது."

ஈரோட்டு டீலர்
ஷேடு கார்டை விசிறியாய் விரித்தார்.
மயில்கழுத்து, செம்மண், யானைச் சாம்பல்.
பத்து வருஷம் கேரண்டி.
கடைசிப் பக்கத்தில் கடுகெழுத்தில்
அமில ஆவி, கார ஆவி நீங்கலாக.
"அப்ப எங்க பட்டறையில
எதுக்குத்தானுங் கேரண்டி?"
அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஆடிக் காற்றில்
நாலாம் நம்பர் துண்டு காணாமல் போனது.
பத்து நாள் தேடினேன்.
ஒடிசாப் பையன் திகம்பர்
டீச்சட்டிக்கு மூடியாக்கியிருந்தான்.
பிடுங்கிக் கழுவித்
திரும்பவும் கட்டினேன்.

மார்கழி.
பிளேடால் கட்டம் கீறி
டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன்.
எனாமல் மூன்றும் டேப்போடு வந்தன.
எபாக்சி அசையவில்லை;
ஆனால் மொட்டைமாடி வெயிலில் நின்ற எபாக்சி
விரலில் சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
பாலியூரிதேன் வெயிலுக்குச் சிரித்தது,
தொட்டி மேல் நின்றது மட்டும் கொப்புளித்திருந்தது.

ஒரே தகடு.
அடிவயிற்றுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று.
செலவு ஒன்றரைப் பங்கு.
முதலாளி பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார்.

வெறுந்தகடு தொங்கிய இடத்தில்
கம்பி இருந்தது, முடிச்சு இருந்தது,
முடிச்சுக்குள் நகத்தளவு ஜரிகை.
அதைக் குழந்தைவேல் மேசையில் வைத்தேன்.
அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேரேட்டைத் திறந்தார்.
சோதனைத் தகடு: பற்று ஏழு, வரவு ஆறு.
ஏழாவதற்கு நேரே
பேனாவை ஊன்றி வெகுநேரம் யோசித்து
"ஆவி" என்று எழுதினார்.