பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்

பொள்ளாச்சியில் கிளம்பும்போது நூற்றுப் பதினாறு பேர்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் எண்ணினால்
தொண்ணூற்றுச் சொச்சம்.
கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வந்து
நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற ஆடி மாசத்தில்
ஏன் தேதி வைத்தீர்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள்.
தேதியை நாங்கள் வைக்கவில்லை.

பிளேட்லெட் பிரிக்கும் மெஷினுக்கு
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டவர்கள்
என் மடியில், நோட்டில்:
கயிறு மில்காரர் ஐம்பது ரூபாய்.
அவன் பள்ளிக்கூடத்து ஆயா ஒரு ரூபாய்.

நான் டாடா ஏஸில் வருகிறேன்,
வாழைப்பழத் தாரோடும் குளுக்கோஸ் பாக்கெட்டோடும்
கயிறு போட்டுக் கட்டிய
இர்ஷாதின் சிவப்புச் சைக்கிளோடும்.
அவன் அத்தா எப்போதும் கடைசி ஆள்.

முதல் வருஷம் ஊர்வலத்துக்கு முந்தின ராத்திரி
சீட்டை ஓரங்குலம் ஏற்றினார்.
இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று சொல்லவில்லை.
ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.
நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
அடுத்த வருஷம் ஓரங்குலம்.
அதற்கடுத்த வருஷம் நானே சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று நாலாவது.
சீட் கம்பியில் ஒரு கோடு வெளியே வந்தது.
கம்பெனிக்காரன் வெட்டி வைத்த கோடு.
இதற்கு மேல் ஏற்றினால் முறியும் என்று அர்த்தம்.
அழுக்கோ என்று
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

செக்போஸ்ட்டில் மீசை முளைத்தும் முளைக்காத போலீஸ்காரர்,
வண்டியில் எந்தா?
குட்டிச் சைக்கிள்.
விக்கானோ?
இல்லை.
குட்டி எவிடெ?

பின்னால் காட்டினேன்.
தொண்ணூற்றுச் சொச்சம் பனியன்களில்
முன்பல் விழுந்த வாயோடு வந்துகொண்டிருந்தான்.
வேறொன்றும் கேட்காமல்
கடைசி ஆள் தாண்டும்வரை
தடைக்கம்பைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொழிஞ்ஞாம்பாறைக்கு முன்னால் ஓர் இளநீர்க் கடை.
எல்லோரும் குடிக்கிற நேரத்தில்
கடைக்காரியின் மகள், ஐந்து வயசு இருக்கும்,
வண்டியில் ஏறி, முடிச்சை அவிழ்த்து,
என்னைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள்.
கால் எத்தணில்லா, என்றாள்.
எட்டலையா?
எத்தணில்லா.
இந்த ஊரில் பேச்சு மாறினாலும்
கால் ஒரேமாதிரித்தான் தொங்குகிறது.

அவர் வந்து சேர்ந்தார்.
மூச்சு வாங்கினார். பார்த்தார்.
கத்தப்போகிறார் என்று எழுந்தேன்.
பாக்கெட்டில் கையை விட்டார்.
வழியெல்லாம் ஸ்பேனரைச் சுமந்துகொண்டுதான்
மிதித்திருக்கிறார்.

சைக்கிளைக் கீழே இறக்கி
ஓரங்குலம் குறைத்தார். கோடு உள்ளே போனது.
எத்தணில்லா.
இன்னும் ஓரங்குலம்.
எத்தணில்லா.
மூன்று.
நாலாவதுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.
கம்பியில் கிளாம்ப் கடித்த பழைய தழும்பு இருந்தது,
அவன் உயரத்தில்.
அதில் கொண்டுபோய் நிறுத்தி, இறுக்கினார்.

வெட்டிப் போட்ட இளநீர் மட்டைகளைச் சுற்றி
அவள் மூன்று ரவுண்டு போனாள்.
பக்கச் சக்கரம் கீச்சிட்டது.
மணி மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது,
வாயாலேயே அடித்துக்கொண்டாள்.

நோட்டை எடு, என்றார்.
நாற்பது மீட்டர் சேர்த்துக்கோ.
ஆயா கணக்கில் நாலு பைசா வந்தது.
எழுதினேன்.

இளநீருக்குக் காசு வேண்டாம் என்றாள் கடைக்காரி.
கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.
சைக்கிளையும் கொடுத்துவிட்டோம் என்று எழுதினால்
நன்றாகத்தான் இருக்கும்.
கொடுக்கவில்லை. அவள் அழுதாள்.
பழையபடி கயிறு போட்டுக் கட்டினோம்.
சீட்டை மட்டும்
ஏற்றவில்லை.

பாலக்காட்டுக்கு இன்னும் பாதி வழி.
காற்று குறையவில்லை.
அவர் இந்தத் தடவையும் கடைசியில்தான் கிளம்பினார்,
ஸ்பேனரை என் மடியில் போட்டுவிட்டு.